கூடலூர்ப் பன்றிப் பண்ணையில் பரவிய மூச்சுநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டிய தேயிலைச் சரிவொன்றில் அமைந்திருக்கும் ஒரு பன்றிப் பண்ணையில், தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த நாட்களில் காய்ச்சலும் இருமலும் திடீரெனப் பரவின. சுமார் நூறு பன்றிகள் கொண்ட அந்தப் பண்ணையில் இருந்தவை பெரும்பாலும் வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பினம். தாய்ப்பன்றிகளும் பால்குட்டிகளும் மேல் கொட்டகையிலும், பால்மறந்த குட்டிகளும் விற்பனைக்கு வளரும் பன்றிகளும் சற்றுக் கீழே இரண்டு நீளமான கொட்டகைகளிலும் இருந்தன. ஓட்டல் கழிவே முதன்மைத் தீனி. அதனுடன் தவிடும் சோளமும் கலப்பார்கள். பண்ணை, உரிமையாளர், தொழிலாளர் ஆகியோரின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

முதலில் கண்ணில் பட்டது இருமல் அன்று. தொட்டியில் மிஞ்சிய தீனிதான். வளர்பன்றிக் கொட்டகையின் ஒரு பக்கத்தில் காலைத் தீனி பாதிக்கு மேல் தொடப்படாமல் கிடந்தது. தீனி வண்டியின் சத்தம் கேட்டதும் எழுந்து முட்டி மோதும் பன்றிகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி சுவரோரம் படுத்தே கிடந்தன. தட்டி எழுப்பினால் நான்கடி நடந்து நின்று, தலையைத் தாழ்த்தி, வயிறு குலுங்க அடுக்கடுக்காக இருமின. மறுநாள் அடுத்த கொட்டகையிலும், அதற்கடுத்த நாள் தாய்ப்பன்றிகளிடத்திலும் அதே நிலை. ஆசனவாய் வெப்பநிலை பலவற்றில் 40.5 முதல் 41.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. நலமாக உள்ள பன்றிக்கு அது 39 டிகிரியை ஒட்டியே இருக்கும். கண்கள் சிவந்து நீர் வடிந்தது, மூக்கிலிருந்து தெளிவான சளி ஒழுகியது, சில பன்றிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. நிறைசினையாக இருந்த தாய்ப்பன்றி ஒன்று காய்ச்சலின் மூன்றாம் நாள் கருச்சிதைவுற்றது. வளர்பன்றி ஒன்று இறந்தது.

"டாக்டர், காட்டுப்பன்றிக்கு வந்த அதே நோய்தானா இது?" என்பதே, கால்நடை மருத்துவராகச் சென்ற என்னிடம் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 2022 ஜூலையில், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வயநாட்டின் மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகளில், பன்றிகளைக் கொல்லும் வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. 2023 தொடக்கத்தில் முதுமலைப் புலிகள் காப்பகத்தில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்து கிடந்தபோது அதற்கும் அதே நோய்தான் காரணம் என்று தெரியவந்தது. எனவே இந்த மலையில் பன்றிக்கு அதிகக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், மூச்சுநோயின் அறிகுறி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதை முதலில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவே கருதிக்கொண்டு பண்ணைக்குள் நுழைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது தேவையற்ற பீதியென்று சொல்வோர் உண்டு. ஆனால் அந்நோய் வந்த பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை பன்றிகள் அனைத்தையும் அழிக்கவும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்கவும் தேசியச் செயல்திட்டம் வகை செய்திருக்கும்போது, ஒரு நாள் தாமதம்கூட அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் வாழ்வையே பறிக்கக்கூடும்.

இதனால்தான் இறந்த முதல் பன்றியை நாங்கள் அறுக்கவில்லை. அந்த வைரஸ் இரத்தத்தில் மிக அதிக அளவில் இருக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் சிந்திய இரத்தத்தில் நீண்ட நாள் உயிர்ப்போடும் இருக்கும். சரிவான நிலத்தில், கொட்டும் மழையில் பிரேதப் பரிசோதனை செய்வது, நோய் அதுவாகவே இருந்துவிட்டால், ஓடை நீரோடு அதைக் கீழே அனுப்புவதாகும். ஆகவே உடலைத் திறக்காமல் இரத்த மாதிரி மட்டும் எடுத்துக்கொண்டு, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் செய்தோம். உயிரோடிருந்த, காய்ச்சல் மிகுந்த பன்றிகளிடமிருந்து உறையாத இரத்தமும், சீரத்துக்கான (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீருக்கான) இரத்தமும் தனித்தனிக் குழாய்களில் எடுக்கப்பட்டன. முடிவு வரும்வரை விற்பனை, இடமாற்றம், வெளியார் வருகை ஆகிய மூன்றும் நிறுத்தப்பட்டன. மாவட்டக் கால்நடைத் துறைக்கும் அன்றே தகவல் போனது.

நோயின் போக்கு முதல் சில நாட்களிலேயே ஓரளவு பேசியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஒரு கொட்டகைக்குள் பெரும்பாலும் மெதுவாகவே தொடங்கும்: ஒன்று, இரண்டு என்று இறந்து, சில நாட்களுக்குப் பிறகே சாவு குவியும். காதும் வயிற்றின் அடிப்புறமும் சிவந்து ஊதா நிறமாவது, மூக்கிலும் மலத்திலும் இரத்தம், நிற்க முடியாத தளர்ச்சி ஆகியவை அதன் அடையாளம். இங்கேயோ மூன்றே நாளில் பண்ணை முழுவதும் படுத்துவிட்டது. அதே வேகத்தில், முதலில் படுத்த கொட்டகையில் ஐந்தாம் நாள் தீனித் தொட்டி காலியாகத் தொடங்கியது. ஏறக்குறைய எல்லாப் பன்றிகளுக்கும் நோய், மிகச் சிலவற்றுக்கு மட்டுமே சாவு, ஒரு வாரத்தில் தேறுதல் என்ற இந்த அமைப்பு, பன்றிகளின் சளிக்காய்ச்சலான பன்றி இன்ஃபுளுயன்சாவுக்கே உரியது. ஆயினும் அமைப்பை வைத்துச் சந்தேகிக்கலாமே தவிர, நோய்க்குப் பெயரிட முடியாது.

ஏனெனில் இருமலும் காய்ச்சலும் சேர்ந்து வரும் பன்றி நோய்கள் பல. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் கவனிக்கப்பட்டு, இந்தியாவில் 2013இல் மிசோரமில் முதலில் உறுதியான பி.ஆர்.ஆர்.எஸ். எனப்படும் இனப்பெருக்க, மூச்சு நோய்த்தொகுதி அவற்றுள் முக்கியமானது. கருச்சிதைவு ஏற்பட்டிருந்ததால் அதை ஒதுக்க முடியவில்லை. வேறொரு வைரஸால் வரும், நாட்டில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலும் பட்டியலில் இருந்தது. இந்தப் பண்ணையில் அதற்கான தடுப்பூசி சில பன்றிகளுக்கு மட்டுமே போடப்பட்டிருந்தது. பன்றி சர்க்கோ வைரஸ் 2, மைக்கோபிளாஸ்மா நிமோனியா, ஆக்டினோபேசில்லஸ், பாஸ்டுரெல்லா ஆகிய பாக்டீரியா நோய்கள் என்று மற்றவையும் உண்டு. இவற்றில் மைக்கோபிளாஸ்மா வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமலோடு வரும், காய்ச்சல் அதிகம் இராது. ஆக்டினோபேசில்லஸ் சில பன்றிகளைச் சில மணி நேரத்தில் கொல்லும், பண்ணை முழுவதையும் ஒருசேரப் படுக்க வைக்காது.

எந்தப் பன்றி, எந்த நாள்

ஆய்வக முடிவின் தரம் இயந்திரத்தைவிட மாதிரி எடுக்கும் பன்றியையும் நாளையும் பொறுத்தே அமைகிறது. இந்த நிகழ்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மிகவும் மெலிந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் பன்றியே நோயைத் தெளிவாகக் காட்டும் என்று பண்ணையாளர் எண்ணுவார். மாதிரி எடுக்க அதையே முதலில் பிடித்து வருவார். ஆனால் இன்ஃபுளுயன்சா வைரஸ் உடலில் புகுந்த ஒன்று முதல் மூன்று நாளில் நோய் வெளிப்படுகிறது. மூக்குச்சளியில் வைரஸ் மிகுந்திருப்பது காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான். ஒரு வாரத்துக்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். பத்து நாளாக இருமும் பன்றியின் நுரையீரலில் அதற்குள் பாக்டீரியா குடியேறியிருக்கும், வைரஸ் போயிருக்கும். அதன் மூக்கைத் துடைத்து அனுப்பிவிட்டு, வைரஸ் இல்லை என்று வரும் முடிவை நம்பினால் முழு விசாரணையும் திசைமாறிவிடும்.

ஆகவே தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, நோய் அன்றுதான் எட்டியிருந்த கொட்டகையில், காய்ச்சல் ஏறிய, சளி இன்னும் தண்ணீராகவே ஒழுகிய பன்றிகளைத் தேர்ந்தோம். மேல்தாடையில் கயிற்றுச் சுருக்கிட்டு ஒருவர் பிடித்துக்கொள்ள, பாலியெஸ்டர் முனை கொண்ட ஸ்வாப் குச்சியை மூக்குத் துளையின் உட்புறச் சுவரை ஒட்டி மெல்ல நுழைத்து, சுழற்றி, சளியோடு சில செல்களும் ஒட்டும்படி எடுக்க வேண்டும். இரண்டு துளைகளிலும் எடுத்தபின், வைரஸைச் சிதையாமல் காக்கும் கடத்து திரவம் உள்ள குழாய்க்குள் முனையை ஒடித்துப் போட்டு மூட வேண்டும். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு இதற்கு உதவாது. அதிலுள்ள பொருட்கள், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கக்கூடும். ஒப்பீட்டுக்காக, முதலில் நோயுற்றுத் தேறத் தொடங்கிய பன்றிகள் சிலவற்றிடமும், நாள்பட்டு இருமிய மெலிந்த பன்றிகளிடமும் தனியாக மாதிரி எடுத்து, குழாயில் அடையாளமிட்டோம்.

பால்மறந்த குட்டிகளிடம் வேறு வழி. பருத்திக் கயிறு ஒன்றை, குட்டியின் தோள் உயரத்துக்குத் தொங்கும்படி கம்பியில் கட்டிவிட்டோம். சோர்ந்து கிடந்த குட்டிகள்கூட ஒவ்வொன்றாக எழுந்து வந்து முகர்ந்து, கடித்து, மென்றன. அரைமணி நேரத்தில் எச்சில் ஊறிக் கனத்த நுனியை ஒரு பாலித்தீன் பைக்குள் விட்டுப் பிழிந்தால், அந்தத் தடுப்பிலுள்ள குட்டிகளில் பெரும்பாலானவற்றின் வாய்நீர் ஒரே குழாயில் கிடைத்துவிடுகிறது. குட்டியைப் பிடிக்கவும் வேண்டாம், அது அலறித் துடிக்கவும் வேண்டாம். வெளிநாட்டுப் பண்ணைகளில் வழக்கமாகிவிட்ட இந்த எளிய முறை நம் பண்ணைகளிலும் பரவ வேண்டும்.

மாதிரிகள் அனைத்தும் ஐஸ் கட்டி அடுக்கிய தெர்மகோல் பெட்டியில், நான்கு டிகிரி அளவில், மலையிறங்கின. இன்ஃபுளுயன்சா மாதிரியைச் சாதாரண ஃபிரீசரில் உறைய வைத்து வார இறுதிக்குக் காத்திருப்பதைவிட, குளிர்ச்சியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பதே நல்லது. அரைகுறை உறைநிலையில் வைரஸ் சிதைந்துவிடும்.

முடிவுகளும் அவற்றைப் படித்த விதமும்

முதலில் வந்தது நாங்கள் காத்திருந்த செய்தி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இல்லை, கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலும் இல்லை. அவ்விரு நோய்களிலும் காய்ச்சல் ஏறும்போதே வைரஸ் இரத்தத்தில் இருக்கும் என்பதால், அதிகக் காய்ச்சலில் எடுத்த இரத்தத்தில் கிடைக்கும் எதிர்மறை முடிவு நம்பத்தக்கது. ஆனாலும் சில நாட்கள் கழித்து இன்னொரு முறை இரத்தம் அனுப்பி உறுதி செய்துகொண்டோம்.

இதற்கிடையில், முதலிலிருந்தே மெலிந்திருந்த இன்னொரு வளர்பன்றி இறந்தது. முதல் முடிவு கையில் இருந்ததால் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. மண்ணீரல் இயல்பான அளவிலும் நிறத்திலும் இருந்தது. சிறுநீரகத்தில் ஊசிமுனை இரத்தப் புள்ளிகள் இல்லை. மாற்றம் முழுவதும் நுரையீரலில்தான். அதன் முன் மடல்களும் நடு மடல்களும், கீழ்ப்புறமாக, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இறுகியிருந்தன. இறுகிய சிறுமடலுக்கும் பக்கத்திலேயே இளஞ்சிவப்பாகக் காற்று நிறைந்திருந்த சிறுமடலுக்கும் இடையே எல்லை கோடு கிழித்தாற்போல் தெளிவாக இருந்தது. வெட்டினால் சிறு மூச்சுக்குழல்களில் நுரையும் கெட்டியான சளியும் வந்தன. மூச்சுக்குழல் சார்ந்த நிணநீர்க் கணுக்கள் வீங்கி ஈரமாக இருந்தன. பி.ஆர்.ஆர்.எஸ். நோயில் இப்படி எல்லைகட்டிய இறுக்கம் இராது. நுரையீரல் முழுவதுமே சுருங்காமல், புள்ளிபுள்ளியாகப் பழுப்பேறித் தோன்றும். ஃபார்மலினில் இட்டு அனுப்பிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிறு மூச்சுக்குழல்களின் உள்ளுறைச் செல்கள் அழுகி உதிர்ந்து, குழல்கள் வெள்ளணுக்களால் அடைபட்டிருந்தன. இது இன்ஃபுளுயன்சா விட்டுச்செல்லும் தடம். அதே நுரையீரலிலிருந்து பாஸ்டுரெல்லா மல்டோசிடா பாக்டீரியாவும் வளர்ந்தது.

மூக்கு மாதிரிகளின் முடிவு, பன்றியைத் தேர்ந்ததன் பயனைத் தெளிவாகக் காட்டியது. அன்றுதான் காய்ச்சல் ஏறிய பன்றிகளின் ஸ்வாப்களில் பெரும்பாலானவை, எல்லா இன்ஃபுளுயன்சா ஏ வைரஸ்களுக்கும் பொதுவான எம் மரபணுவுக்கான சோதனையில் நேர்மறையாக வந்தன. குட்டிகளின் வாய்நீரும் அவ்வாறே. தேறத் தொடங்கியவற்றில் மிகச் சிலவே நேர்மறை. நாள்பட்டு இருமிய மெலிந்த பன்றிகளில் ஒன்றுகூட இல்லை. அந்த மெலிந்தவற்றை மட்டும் சோதித்திருந்தால், பாஸ்டுரெல்லா நிமோனியா என்ற பெயரோடு கோப்பு மூடப்பட்டிருக்கும்.

சர்க்கோ வைரஸ் 2 சில சீரங்களிலும், இறந்த பன்றியின் நிணநீர்க் கணுவிலும் குறைந்த அளவில் கிடைத்தது. இங்கே நிதானம் தேவை. அந்த வைரஸ் நலமான பன்றிகளிலும் பரவலாகக் காணப்படுவது. அதை நோய்க்குக் காரணமென்று சொல்ல மூன்றும் ஒருசேர வேண்டும்: உடல் மெலிதல் அல்லது மூச்சுத்திணறல், நிணநீர்த் திசுவில் செல்கள் குறைந்த குறிப்பிட்ட மாற்றம், அந்த மாற்றத்துக்குள்ளேயே மிகுந்த அளவில் வைரஸ். இங்கே முதலாவது மட்டுமே இருந்தது. ஆகவே சர்க்கோ வைரஸை இந்தப் பரவலின் காரணமாக நாங்கள் எழுதவில்லை. பி.சி.ஆர். எதைக் கண்டாலும் அதையே குற்றவாளியாக்கும் பழக்கம் அறிக்கைகளில் பெருகி வருவது எனக்குக் கவலை தருகிறது.

வைரஸ் வந்த வழி

இன்ஃபுளுயன்சா ஏ என்று அறிவது பாதி வேலைதான். உலகெங்கும் பன்றிகளில் சுற்றிவருபவை எச்1என்1, எச்1என்2, எச்3என்2 ஆகிய துணைவகைகள். ஒவ்வொன்றிலும் பல மரபுக் கிளைகள். இந்த வைரஸின் மரபுத்தொகுதி எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருப்பதால், ஒரே செல்லில் இரண்டு வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறி மூன்றாவதாக ஒன்று பிறக்க முடியும். பன்றியின் மூச்சுப்பாதையில் மனித இன்ஃபுளுயன்சாவும் பறவை இன்ஃபுளுயன்சாவும் பற்றிக்கொள்ளும் இருவகை ஏற்பிகளும் இருப்பதால், அந்தக் கலப்புக்குப் பன்றி வாய்ப்பான இடமாகிறது. 2009 ஏப்ரலில் மனிதரிடம் கண்டறியப்பட்டு உலகம் முழுவதும் பரவிய எச்1என்1 அப்படிப் பிறந்ததே: அதன் எச்.ஏ. துண்டு (வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் புரதத்துக்குரியது) அமெரிக்கப் பன்றிகளின் பழைய கிளையிலிருந்தும், என்.ஏ., எம் துண்டுகள் ஐரோப்பிய ஆசியப் பன்றிக் கிளையிலிருந்தும் வந்தவை. மனிதரிடம் பருவகாலக் காய்ச்சலாக நிலைத்துவிட்ட அந்த வைரஸ், மனிதரிடமிருந்து மீண்டும் பன்றிகளுக்குத் தாவுவது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது.

துணைவகைச் சோதனையில் எங்கள் மாதிரிகள் இந்த 2009 கிளை எச்1என்1 என்று தெரிந்தது. எச்.ஏ. துண்டின் வரிசையைப் படித்தபோது, அது மனிதரிடம் அண்மைக் காலத்தில் சுற்றிவரும் வைரஸ்களோடு சேர்ந்தே கிளைத்தது. பன்றிகளுக்குள்ளேயே பல ஆண்டு சுழன்ற வைரஸில் காணப்படும் தனிப்போக்கு அதில் இல்லை. தீனி போடும் தொழிலாளி அம்மாவிடம் முன்பே பேசியிருந்தோம். "போன வாரம் எனக்குத்தான் சார் முதல்ல காய்ச்சல், இருமல் எல்லாம். வேற ஆள் இல்ல, அதான் நானே தீனி போட்டேன்" என்று அவர் சொன்னது, வளர்பன்றிக் கொட்டகையில் நோய் தொடங்கிய நாளோடு பொருந்தி வந்தது. அவரிடம் அப்போது மாதிரி எடுக்கப்படாததால், வைரஸ் அவரிடமிருந்துதான் வந்தது என்று நிறுவ இயலாது; பண்ணையில் புதிய பன்றி எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதோடு சேர்த்துப் பார்க்கையில், மனிதர் வழி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மட்டும் எழுதினோம். அவர் மீது பழி விழக்கூடாது என்பதையும் உரிமையாளரிடம் தனியே வலியுறுத்த வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவது அவரது தவறன்று.

மழைக்குப் பயந்து கொட்டகையின் பக்கங்கள் தார்ப்பாயால் முழுக்க மூடப்பட்டிருந்ததும் நோயை மோசமாக்கியது. உள்ளே நுழைந்தாலே அம்மோனியா கண்ணைக் கரித்தது. அந்தக் காற்று மூச்சுக்குழலின் மென்மயிர்களை முடக்கி, பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிடும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவாப் பன்றிகளிடமிருந்து பன்றி இன்ஃபுளுயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்த ரிச்சர்ட் ஷோப், வைரஸ் தனியே புகுத்தப்பட்டபோது நோய் லேசாகவும், உடன் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்தபோது கடுமையாகவும் இருந்ததைக் கண்டார். இறந்த பன்றியின் நுரையீரலில் பாஸ்டுரெல்லாவைக் கண்டபோது அந்தப் பழைய சோதனையே நினைவுக்கு வந்தது.

சிகிச்சை எளிமையாகவே இருந்தது. தார்ப்பாயின் மேல்பகுதியைத் திறந்து காற்றோட்டம் தந்தோம். தரையில் உலர்ந்த வைக்கோல் போட்டோம். பன்றிகளை விரட்டவோ எடை போடவோ கூடாதென்று சொன்னோம். நீர் தாராளமாக வைக்கப்பட்டது. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது என்பதால், சளி கெட்டிப்பட்டு மீண்டும் காய்ச்சல் ஏறிய பன்றிகளுக்கு மட்டும் ஊசி போட்டு, விற்பனைக்கு முன் மருந்து உடலை விட்டு நீங்க வேண்டிய நாட்களைக் கொட்டகைப் பலகையில் எழுதி வைத்தோம். ஓட்டல் கழிவு இந்த நோய்க்குக் காரணமன்று. ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைய அதுவே திறந்த கதவு. எனவே கழிவைக் கிளறிக்கொண்டே 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் சூடாக்குவதும், காட்டுப்பன்றி நெருங்காதபடி கம்பிவேலி போடுவதும் அப்போதே வற்புறுத்தப்பட்டன. பன்றிகளோடு இருந்தவர்களின் உடல்நிலையைக் கவனிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் தரப்பட்டது. நன்கு வேகவைத்த இறைச்சியால் இந்நோய் வராது என்பதைக் கடைக்காரர்களிடம் நேரில் போய்ச் சொன்னோம்.

மூன்று வாரம் கழித்து அதே பன்றிகளிடம் எடுத்த இரண்டாவது சீரத்தில், எச்1என்1 எதிர்ப்பொருளின் அளவு முதல் சீரத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. பரவியது இந்த வைரஸ்தான் என்பதற்கு அது தனிச் சான்று. பி.ஆர்.ஆர்.எஸ். எதிர்ப்பொருள் இரண்டு முறையும் இல்லை. தொற்று நேர்ந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் அது எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலிசா சோதனையில் தெரிந்திருக்கும். அடுத்துக் குட்டி ஈன்ற தாய்ப்பன்றிகளிடம் செத்துப் பிறந்தவையோ, வற்றிக் கறுத்த கருக்களோ வழக்கத்துக்கு மேல் இல்லாததால், அந்த ஒரு கருச்சிதைவு அதிகக் காய்ச்சலின் விளைவென்று பதிவு செய்தோம். எச்.ஏ. துண்டு ஒன்றை மட்டும் வைத்து வைரஸில் கலப்பு இல்லையென்று சொல்ல முடியாது என்பதால், எட்டுத் துண்டுகளையும் படிப்பதற்காக மீதி மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் காத்து வைக்க ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டோம். தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் பருவகால இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போடவும், காய்ச்சல் கண்டவர் கூலியோடு ஒரு வாரம் கொட்டகைக்கு வராமல் இருக்கவும் உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.